கிளாரிந்தா அம்மையாரின் பெயரும் வரலாறும்

தஞ்சை மராட்டிய அந்தணர் குடியிற் பிறந்து இளமையிற் கைம்மை எய்தியவர் கிளாரிந்தா அம்மையார். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரியுடன் மணமின்றி வாழ்ந்தமையின், சுவார்ட்சு ஐயர் அவர்க்குத் திருமுழுக்களிக்க முதலில் மறுத்தார்; அவ்வதிகாரி மறைந்தபின் 1778-இல் பாளையங்கோட்டையில் அளித்தார்.

இதனைச் சுவார்ட்சின் வெற்றியாகவே காண்பதுண்டு. அது பொருந்துவதன்று. 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டின் 40 பெயர்களுள் முதற்கண் நிற்பது அம்மையார் பெயர். அவர் பள்ளியொன்றும் நடத்தினார் என்பர். அவர் முயற்சியால் 1785-இல் எழுந்த ஆலயத்தை மக்கள் வழங்கும் பெயரோ, கிளாரிந்தா ஆலயம் என்பதன்று. அவர் துறந்த குலத்தின் பெயரால், 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்பதே. மாதவையா 1915-இல் வெளியிட்ட ஆங்கிலப் புதினமோ திருமுழுக்குப் பெயரையே தலைப்பாகக் கொண்டது.