பவளத் தொட்டியில் பாஸ்பேட்

கடல் மீன்களும் உயிருள்ள பவளங்களும் வாழும் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று உங்கள் வீட்டில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மீன்களுக்கு ஒரு கிராம் உலர்ந்த தீனி இடுகிறீர்கள். அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் உண்டு. அது முழுவதும் நீரில் கலந்தால் சுமார் 30 மில்லிகிராம் பாஸ்பேட் ஆகும். அதாவது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். பவளப்பாறைகள் செழிக்கும் கடலில் பொதுவாக லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் அளவே காணப்படுகிறது. ஒரு கிராம் தீனியால் இதைப்போல் ஏழு மடங்கு சேர்ந்துவிடக்கூடும்! மீன்களின் உடலில் தங்குவது போக, மீதி எங்கே போகும்? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு சுவையானது.

1961ஆம் ஆண்டு ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் முறையை அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் விளக்கினார். உயிரினங்கள் ஒட்டிய கடற்பாறைத் துண்டுகள், நல்ல வெளிச்சம், காற்றுக் குமிழிகள் ஆகியவையே அவருடைய சாதனங்கள். ஆனால் தொட்டியில் பாஸ்பேட் மிகுந்தால் அது பாசிக்கு உரமாகும். பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும்.

தீங்கு அதனோடு நிற்கவில்லை. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அப்படிகங்கள் வளர்வதைப் பாஸ்பேட் தடுக்கிறது. 1964இல் சிம்கிஸ் என்ற உயிரியல் அறிஞர் பாஸ்பேட்டைப் ‘படிக நஞ்சு’ என்றே குறிப்பிட்டார்.

பாசியைப் பகையாகக் கருதாமல் வேலைக்கு அமர்த்தினால் என்ன? வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி அதைத்தான் செய்தார். 1980இல் அங்கே காட்சிக்கு வந்த பவளத் தொட்டியின் நீரை, தனியே ஒளியூட்டிய வலைத்தட்டுகளின் மேல் ஓடவிட்டார். தட்டில் பாசி வளர்ந்து பாஸ்பேட்டை உறிஞ்சியது. அவ்வப்போது பாசியைச் சுரண்டி எடுத்ததும் பாஸ்பேட்டும் வெளியேறியது.

1990களில் ஜெர்மனியில், குடிநீரிலுள்ள ஆர்செனிக்கை அகற்ற இரும்பு ஹைட்ராக்சைடு குருணை உருவாக்கப்பட்டது. ஆர்செனேட்டும் பாஸ்பேட்டும் வேதியியலில் நெருங்கிய உறவினர்கள் அல்லவா? ஒன்றைப் பிடிக்கும் குருணை மற்றொன்றையும் பிடித்தது. இன்று வீட்டுத் தொட்டிகளிலும் அது பயன்படுகிறது.

அப்படியானால் பாஸ்பேட்டை அறவே நீக்கிவிடலாமா? கூடாது. பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகளுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் குறைந்தால், வெப்பத்திலும் ஒளியிலும் பவளம் எளிதில் வெளுத்துவிடுகிறது என்று சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தனர்.

ஆகவே தீனியை அளந்து இடுங்கள். நீரையும் அளந்து பாருங்கள். மாலிப்டேட் கலந்த சோதனைக் கரைசலைச் சில சொட்டுகள் விட்டால் நீலநிறம் தோன்றும். மிகுந்த நீலம் பாசிக்கு விருந்து. நீலமே தோன்றாவிட்டால் பவளத்துக்குப் பட்டினியாக இருக்கலாம்.