உம்மையிலிருந்து 'அண்ட்' வரை: தமிழ்வழி மாணவருக்கு ஆங்கில டிட்டர்மினரும் இணைப்புச்சொல்லும்

1. ஆய்வுப் பொருள்

தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவரின் ஆங்கில நோட்டைத் திருத்தும்போது சிவப்புப் பேனா அடிக்கடி நிற்பது சின்னச் சொற்களில்தான்: 'எ', 'ஆன்', 'தி', 'அண்ட்', 'பட்'. பெரிய சொற்களை மனப்பாடம் செய்துவிடலாம். இவற்றுக்கு அந்த வழி உதவாது. இந்தப் பிழைகளைக் கவனக்குறைவு என்று சுழித்துவிடுகிறோம். அவற்றுள் பல, மாணவர் தம் தாய்மொழி இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றியதால் வருபவை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆகவே திருத்தத்தையும் தமிழிலிருந்தே தொடங்கலாம்.

2. டிட்டர்மினர்

பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று எது, யாருடையது, எத்தனை என்று வரையறுக்கும் சொல் இது. 'திஸ்', 'மை', 'சம்', 'எவ்ரி' ஆகியவற்றில் சிக்கல் குறைவு. இந்த, என், சில, ஒவ்வொரு என்று நேராகப் பொருந்திவிடும். இடறுவது ஆர்ட்டிகிள் எனப்படும் 'எ', 'ஆன்', 'தி' மூன்றில்.

2.1 ஒரு, ஓர்

'ஆன்' என்பதே மூத்த வடிவம். ஒன்று எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்து, மெய்யொலிக்கு முன் னகரம் தேய்ந்து 'எ' ஆயிற்று. நம் எண்ணுச்சொல்லும் அப்படித்தான் மாறுகிறது: ஒரு வீடு, ஓர் ஊர். ஆனால் வகுப்பில் ஐந்து ஆங்கில உயிரெழுத்துகளைச் சொல்லி, அவற்றுக்கு முன் 'ஆன்' போடு என்கிறோம். பிள்ளை 'ஆன் யூனிவர்சிட்டி' என்றும் 'எ ஹவர்' என்றும் எழுதிவிட்டுத் திட்டு வாங்குகிறது. விதி எழுத்துக்கு உரியதன்று, ஒலிக்கு உரியது.

இதற்கு எளிய சோதனை உண்டு. காதில் விழுகிறபடி அந்தச் சொல்லைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். யூனிவர்சிட்டி யகரத்தில் தொடங்கும்; எனவே 'எ'. மணிநேரத்தைக் குறிக்கும் சொல்லில் எச் எழுத்து ஒலிக்காது, காதில் விழுவது 'அவர்', எனவே 'ஆன்'. எம்.எல்.ஏ.வுக்கு 'ஆன்'. 'ஒன்' எனும் எண் வகரத்தில் தொடங்குவதால் ஒரு ரூபாய் நாணயத்துக்கு 'எ'. உயிர், உயிர்மெய் தெரிந்த பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

2.2 ஐ உருபும் 'தி'யும்

"புத்தகம் வாங்கினேன்." "புத்தகத்தை வாங்கினேன்." முதல் வாக்கியத்தைக் கேட்பவர் 'என்ன புத்தகம்?' என்பார். இரண்டாவதைக் கேட்பவருக்கு அது எந்தப் புத்தகம் என்று முன்பே தெரியும். முன்னது 'எ புக்', பின்னது 'தி புக்'. பள்ளி வாசலை மிதிக்குமுன்பே நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு வாய்த்திருக்கிறது. அதைத் தொடாமல், தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்ற ஒரே வரியோடு பாடத்தைத் தொடங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. அஃறிணைச் செயப்படுபொருளில்தான் இது செல்லும். உயர்திணைக்கு ஐ எப்போதும் வேண்டும், எழுவாய்க்கு உருபே இல்லை. எழுவாயில் 'அந்த' சேர்த்துப் பார்க்கலாம். 'தி'யும் சுட்டுச்சொல்லில் பிறந்ததே. 'தி சன்' போன்றவை இதற்கும் அடங்கா. அவற்றைப் பழக்கத்தால்தான் பிடிக்க வேண்டும்.

2.3 கொஞ்சமும் கொஞ்சம்தானும்

'கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது' என்றால் குடிக்கலாம். அது 'எ லிட்டில்'. 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்றால் குடம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், அது 'லிட்டில்'. 'எ ஃபியூ', 'ஃபியூ' இரண்டும் இவ்வாறே.

3. இணைப்புச்சொல்

3.1 உம்மை

உம்மைக்குத் தொல்காப்பிய இடையியல் எட்டுப் பொருள் கூறும். அவற்றுள் எண்ணும்மைக்கு மட்டுமே 'அண்ட்' நேராகப் பொருந்தும். 'நானும் வருகிறேன்' என்பதில் இருப்பது எச்சவும்மை. அங்கே 'அண்ட்' தேடினால் கிடைக்காது, 'டூ' அல்லது 'ஆல்சோ' வேண்டும். அரிசியும் பருப்பும் உப்பும் என உம்மை ஒவ்வொரு பெயரிலும் ஒட்டும். 'அண்ட்' கடைசிப் பெயருக்கு முன் ஒருமுறை வந்தால் போதும். இந்த இடத்தில் 'மற்றும்' என்ற சொல்லைப் பாலமாக்குவதை நான் ஏற்கவில்லை. அது ஆங்கிலத்தையும் விளக்காது, தமிழையும் கெடுக்கும்.

3.2 மூட்டு விழும் இடம்

'மழை பெய்தாலும் போனான்' என்பதில் மூட்டாகிய 'ஆலும்' இரு செயல்களுக்கும் நடுவே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' முன்னால் போய்விட, நடுவில் காற்புள்ளி மட்டும் எஞ்சுகிறது. தமிழ்க் காதுக்கு அந்த இடம் வெறுமையாகப் படுகிறது. பிள்ளை அங்கே ஒரு 'பட்' வைக்கிறது: 'ஆல்தோ இட் ரெயிண்ட், பட் ஹி வென்ட்'. 'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'சோ' முளைப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டு வாக்கியங்களையும் பலகையில் மேலும் கீழுமாக எழுதி, மூட்டைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டலாம். 'வட்டம் ஒன்றுதான்' என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

3.3 'நைதர்', 'நார்'

'ராஜாவும் வரவில்லை, மணியும் வரவில்லை.' இங்கே எதிர்மறை முழுவதும் வினையில் இருக்கிறது, இருமுறை. ஆங்கிலம் அதை இணைப்புச்சொல்லிலேயே ஏற்றிவிடுகிறது. அதனால்தான் 'நைதர் ராஜா நார் மணி டிட் நாட் கம்' என்று நோட்டில் வருகிறது. அதை அடிப்பதற்குமுன், 'இல்லை எங்கே இருக்கிறது, காட்டு' என்று கேட்கலாம். பிள்ளையின் விரல் முதலில் 'நாட்' மேல் விழும். பிறகு மெல்ல இடப்பக்கம் நகர்ந்து 'நைதர்' மேல் நிற்கும்.