புல்லட்டும் தேயிலையும்: பேர் யாருடையது, கை யாருடையது?

வட்ட ஹெட்லைட், கம்பிச் சில்லு, டேங்கில் தங்கக் கோடு. ஷோரூமிலிருந்து புதுசா இறங்கும் பைக் ஏன் தாத்தா காலத்து பைக் மாதிரி இருக்கணும்? ஏன்னா பழமை நல்லா விலை போகுது. மைசூரில் நின்றுபோன ஜாவா 2018இல் திரும்பி வந்தது. 2022இல் யெஸ்டி. ஆனால் இந்த வரிசையில் சாகாமலே பழசான ஒரு பெயரும் இருக்கு: ராயல் என்ஃபீல்ட்.

அது இங்கிலாந்தின் ரெடிச் நகரத்துக் கம்பனி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினாங்க. போகப்போக பாகங்களையும் அங்கேயே செய்தாங்க. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோச்சு, திருவொற்றியூரில் நிக்கல. 1977இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994இல் ஐஷர் கைக்குப் போய், 2009இல் ‘கிளாசிக்’ வந்த பிறகுதான் அது ஃபேஷன். ஆக, அந்த ஆங்கிலப் பேரை உயிரோடு வைத்திருந்தது மெட்ராஸ் தொழிலாளர்களின் கை.

இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன? ‘சிலோன் டீ’ என்ற பேருக்குப் பின்னாலும் அதே தமிழ்நாட்டிலிருந்து வந்த கைகள்தான். அந்தக் கைகளுக்கு 1948இல் பிரஜாவுரிமை இல்லாமல் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. தேயிலையின் பேர் மட்டும் அப்படியே இருந்தது.

மலையகத்திலும் பழமை விலை போகுது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலை ஆலை இப்போ ஹோட்டல். துரை பங்களாக்கள் சுற்றுலா விடுதிகள். பழைய பைக்கும் அந்தப் படத்துக்குள் அழகா பொருந்தும். ஆனால் தோட்டத்தில் பைக் என்றால் ரொம்பக் காலம் துரைமாரின் வண்டி, மேற்பார்வைக்கு வரும் வண்டி. ரெட்ரோ வடிவத்தை எடுத்துக்கொள்ளுது, யார் ஓட்டினாங்க, யார் நடந்தாங்க என்பதை விட்டுடுது. லயத்தை மட்டும் யாரும் பழமைன்னு விற்கல. அதில் இன்னும் நம்ம ஆட்கள் இருக்காங்களே!

பைக்கை ரசிக்கக் கூடாதுன்னு சொல்லல. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஒரு வித்தியாசத்தை மட்டும் பாருங்க. டேங்கில் தங்கக் கோட்டைக் கையால் வரையும் சென்னைத் தொழிலாளர்களை ராயல் என்ஃபீல்ட் பெருமையா காட்டுது. நம்ம கொழுந்துக்காரிகளோ டீ பக்கட்டில் சிரிக்கிற படம் மட்டும்தான், பேர் இல்லை. அந்தப் பேர்களை எழுதி வைக்கிற வேலை நம்ம தலைமுறைக்கு மிச்சம் இருக்கு.