ஒரே சல்லடை, இரு மேதைகள்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் திருவானைக்காவல் உள்ளது. சர் சி. வி. இராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் அங்கேதான் பிறந்தார். அவருக்கு ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன். இருவரையும் சலித்த சல்லடை ஒன்றே: சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வு.

1907-ஆம் ஆண்டில் என்ன நடந்தது, தெரியுமா? இராமன் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டில் எழுதிய எப்.ஏ. தேர்வில் இராமானுஜன் இரண்டாம் முறையாகத் தோற்றார். கணிதத்திலேயே மூழ்கியிருந்த அவர் மற்றப் பாடங்களில் தேறவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்றிருந்த உதவித்தொகையையும் முன்பே இழந்திருந்தார்.

இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசுவாமி ஐயர், 1910-இல் இராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைக் கண்டு அவர் திறமையை உணர்ந்தார். 1913-இல் அதே பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1918-இல் அவர் இலண்டன் இராயல் கழக உறுப்பினரானார். இராமன் 1924-இல்தான் ஆனார்!

மொத்த மதிப்பெண் ஏன் ஏமாற்றுகிறது? இராமன் விளைவையே பாருங்கள். திரவத்தில் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறு பங்குதான் நிறம் மாறுகிறது. மொத்த ஒளியை மட்டும் அளக்கும் கருவிக்கு அது புலப்படாது. நிறமாலைமானி ஒளியை நிறவாரியாகப் பிரிப்பதால்தான் புதிய கோடுகள் தெரிகின்றன. மாணவரின் திறமையையும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு பார்த்த ஆசிரியர்களும் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன் 1937-இல் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1939-இல் சென்னை இலயோலாவுக்குச் சென்றார். தேர்வு மதிப்பெண்ணைவிட உண்மையான கணித ஆர்வத்தையே அவர் மதித்தார். அவரிடம் பயின்ற சேஷாத்திரியும் நரசிம்மனும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் உலகப் புகழ் பெற்றது.

வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வையும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழக அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் கிராமப்புற மாணவர்கள் தங்களுக்குள் மட்டுமே போட்டியிடுகிறார்கள். மாவட்ட வாரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். நகரத்துப் பள்ளியோடு அவர்களை நேரே ஒப்பிடுவதைவிட இது நியாயமன்றோ?

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பில் ஒரே பாடத்தில் மட்டும் ஒளிர்பவர் இருக்கக்கூடும். அவர் தாமாகப் போட்டுப் பார்த்த கணக்குகளை, செய்து பார்த்த சோதனைகளை ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.