தாழ்நிலத்தின் குரல்

சிவனொளிபாத மலைப் பகுதியிலே பிறக்கும் களனி கங்கை, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பு மாநகரின் வடக்கு எல்லையிற் கடலோடு கலக்கின்றது. அக்கங்கைக்குச் சற்றுத் தெற்கே, பேஸ்லைன் வீதியினின்று அவிசாவளைக்குச் செல்லும் பாதை பிரியும் இடத்தில் அமைந்துள்ளது ஒருகொடவத்தை. பார ஊர்திகளின் இரைச்சல் ஓயாத இச்சந்தியைச் சூழ்ந்த கொலன்னாவைப் பகுதி, ஒருகாலத்திற் பரந்த சதுப்பு நிலமாயிருந்தது. இப்பகுதியின் வரலாறு, நீருக்கும் மனிதருக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வழக்கின் வரலாறாகும்.

1924 ஆம் ஆண்டில் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆற்றின் இரு மருங்கிலும் அணைகள் எழுந்தன. நகரக் கால்வாய் கங்கையோடு சேரும் நாகலகம் வீதியிலே, ஆறு பெருகும்போது அடைப்பதற்கு மதகுகள் அமைந்தன. அவ்விடத்து அளவுகோலில் 1947 இல் வெள்ளம் 12 அடியைத் தாண்டியது. 1989 இல் 9 அடியைத் தாண்டியது. அணை நகரத்தைக் காத்தது உண்மையே. ஆயினும் ஆற்றோரக் குடியிருப்புகள் பல அக்காவலுக்கு வெளியே நின்றன. மேலும், மதகு அடைபட்டிருக்கும் வேளையில் நகருக்குள் பெய்யும் மழைநீர் கங்கைக்குள் இறங்க வழியில்லை. அந்நீரைத் தாங்கி வைத்திருக்க வல்லவை சதுப்பு நிலங்களே.

அந்நிலங்களுக்கு நேர்ந்தது யாது? ஆண்டுக்கு ஆண்டு அவை மண்ணிட்டு நிரப்பப்பட்டன. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புளூமெண்டலிற் குவிந்து வந்த மாநகரக் குப்பை, 2009 ஆம் ஆண்டளவில் ஒருகொடவத்தைக்கு அயலிலுள்ள மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. குப்பை மலையாயிற்று. அழுகும் குப்பையினின்று எழும் மெதேன் வாயு, கரியமில வாயுவிலும் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அயலிலே வாழ்ந்த மக்கள் அதனை விஞ்ஞான நூலிற் படித்தறியவில்லை. துர்நாற்றத்தாலும் நோயாலும், வீட்டுச் சுவர்களில் விழுந்த வெடிப்புகளாலும் அறிந்தனர். ஒன்றுகூடினர், முறையிட்டனர், வீதியில் இறங்கி மறியல் செய்தனர். பல ஆண்டுகள் எழுந்த அக்குரல் உரிய செவிகளில் ஏறவில்லை. 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, அம்மலை சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே அங்கு குப்பை கொட்டுவது நின்றது.

இதற்கு முந்திய ஆண்டில், 2016 மே மாதத்திலே, களனி கங்கை பெருகிக் கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்தது. அப்பொழுது கடற்றொழிலாளர் தம் வள்ளங்களை நகரத் தெருக்களுக்குக் கொண்டு வந்தனர். விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற பேதமின்றி அடைக்கலமும் அன்னமும் கிடைத்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி நாட்டையே உலுக்கியபோதும், களனிக் கரையில் அயலவரே அயலவருக்கு முதல் துணையாயினர்.

உலகின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்க வல்லதாகும் என்பர் விஞ்ஞானிகள். ஆகவே பெருமழை இனி மேலும் பெருமழையாகும். 1924 இன் சட்டத்தோடு எழுந்த அணைகள் மட்டும் இதற்குப் போதா. 2018 இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அப்பெருமை நிலைக்க வேண்டுமாயின், எஞ்சிய சதுப்பு நிலங்கள் காக்கப்படல் வேண்டும்.

வெள்ளம் வந்தபின் வள்ளம் தள்ளும் கைகளை நாடு போற்றுகின்றது. அதே கைகள், வெள்ளம் வருமுன் மனுவொன்றை நீட்டும்போது, அதனை வாங்கிப் படிக்கும் வழக்கமும் வேரூன்ற வேண்டும். மீதொட்டமுல்லை மக்கள் உயிர் கொடுத்து உணர்த்திய பாடம் அதுவே.