சம்பங்கி எந்த ஊருப் பூவுங்க?

மார்ச் மாசம் ஹூஸ்டன்ல நாலு சம்பங்கிக் கிழங்கு வாங்கி பால்கனித் தொட்டியில ஊன்றி வெச்சேன். இங்கயும் நம்மூரு மாதிரியே வெயிலும் புழுக்கமும்தான். ஜூலைக் கடைசியில தண்டு கிளம்பி மொக்கு விரிஞ்சுது. இருட்டினதும் வீடு முழுக்க கல்யாண மண்டப வாசம்!

பக்கத்து வீட்டு மெக்சிகோக்கார அம்மா எட்டிப் பாத்துட்டு, "நார்தோ! எங்க ஊருப் பூ"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. சத்தியமங்கலம் பக்கத்துக்காரன், சம்பங்கித் தோட்டத்து வரப்புல ஓடி வளந்தவன்கிட்டயேவா? சண்டை போடலாம்னு புத்தகத்தைப் புரட்டினேன். தோத்துட்டேன் :-)

இதன் தாயகம் மெக்சிகோதான். ஸ்பானியர்கள் போய் இறங்குவதற்கு முன்பே அங்கே நாவா மக்கள் இதை வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர் 'ஓமிசோசித்ல்', அதாவது எலும்புப் பூ. மொக்கின் வெளுப்பைப் பார்த்தால் பொருத்தம் புரியும். 16-ஆம் நூற்றாண்டில் சகாகுன் என்ற ஸ்பெயின் பாதிரியார் நாவா மக்களைக் கொண்டே தொகுத்த பெரிய நூலில் இந்தப் பூவும் இருக்கிறது.

அப்புறம் கப்பலேறியது. பிரான்சில் 14-ஆம் லூயி தன் திரியானோன் மாளிகைத் தோட்டத்தில் இதைக் கொத்துக்கொத்தாக நட்டு வைக்க, வாசம் தாங்காமல் ஆட்கள் வெளியேறினார்களாம். கிழக்கே அம்போன் தீவில் வாழ்ந்து 1702-ல் இறந்த ரம்ஃபியஸ், தன் தாவர நூலில் இதற்கு 'இரவுத் தோழி' என்று லத்தீனில் பெயர் வைத்தார். மலாய்க்காரர்கள் வைத்ததோ 'இரவு வேசி'! வங்காளத்தில் ரஜனிகந்தா. 1753-ல் லின்னேயஸ் வைத்த 'டியூபரோசா'வுக்குக் கிழங்குள்ளது என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் டியூபரோஸ் ஆனதால் ரோஜாவுக்குச் சொந்தம்னு நெனச்சுடாதீங்க. இப்போது தாவரவியலார் இதை ஆனைக்கற்றாழைக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். டெக்கீலா காய்ச்சுற கற்றாழைக்குப் பங்காளி!

நாம என்ன செஞ்சோம்? ஏற்கெனவே சண்பகம் இருந்துச்சு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு சொல்லும் 99 பூக்களில் அதுவும் ஒன்று. கடல் தாண்டி வந்த பூவுக்கு அந்தப் பேரையே குடுத்து, மரத்துல இல்லாம தரையில பூக்குதேன்னு 'நிலசம்பங்கி' ஆக்கிட்டோம். அதுலயே வந்த வழி மறைஞ்சு போச்சு. இன்னைக்கு இந்த மாலை இல்லாம நம்மூர்ல தாலி ஏறுமா?

நட்டு ரசிச்ச ராஜா பேரு இருக்கு. பேரு வெச்சவங்க பேரு இருக்கு. முதன்முதலா மெக்சிகோ மண்ணுல இந்தக் கிழங்கைத் தோண்டிக் கொண்டு வந்து வீட்டுல நட்டவங்க பேரு மட்டும் எங்கயும் இல்ல. அதுதான் எனக்கு உறுத்துது.

அம்மிச்சிகிட்ட போன்ல சொன்னேன். "எந்தூருப் பூவா வேணா இருக்கட்டுங் கண்ணு. பூத்த கெழங்கு மறுக்காப் பூக்காது. பக்கக் கெழங்கைப் பிரிச்சு நடு"ன்னாங்க. பிரிச்சதுல ரெண்டு பக்கத்து வீட்டு அம்மாவுக்கு.

உங்க ஊர்ல இதுக்கு வேற பேரு இருந்தா சொல்லுங்க மக்கா.