எட்டு நாள் நோய்: செயின்ட் கில்டா தீவில் பச்சிளங்குழந்தை இறப்பும் அதன் பதிவுகளும்

திறவுச்சொற்கள்: செயின்ட் கில்டா, இரணஜன்னி, மருத்துவச்சி, பேறுகால மருத்துவம், தீவு வரலாறு

முன்னுரை

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். அதில் மக்கள் நிலையாக வாழ்ந்த தீவு ஹிர்டா ஒன்றே. கடற்பறவைகளையும் செம்மறியாடுகளையும் சிறிதளவு வேளாண்மையையும் நம்பி வாழ்ந்த அம்மக்களின் தொகை 1851-இல் 110 ஆகும். அடுத்த ஆண்டே அவர்களுள் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். இச்சிறு சமூகத்தில் பிறந்த குழந்தைகள் பல, நலமாகப் பிறந்து, நன்கு பால் குடித்து, நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் பால் குடிப்பதை நிறுத்தின. பின்னர்த் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்தது. எட்டாம் நாள் அளவில் உயிர் பிரிந்தது. கேலிக் மொழி பேசிய தீவினர் இதனை ‘எட்டு நாள் நோய்’ என்றனர். இன்றைய மருத்துவம் இதனைப் பச்சிளங்குழந்தை இரணஜன்னி என்கிறது.

இந்நோயைக் குறித்து எழுதியோர் அனைவரும் தீவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்: சமயகுருமார்கள், மருத்துவர்கள், பயணிகள். குழந்தையை இழந்த தாயின் சொல்லோ, பேறு பார்த்த மருத்துவச்சியின் சொல்லோ அவற்றில் நேரடியாக இடம்பெறவில்லை. அப்பதிவுகள் எவற்றைக் கண்டன, எவற்றைக் காணத் தவறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மிட்செலின் கணக்கு

1697-இல் ஹிர்டாவுக்கு வந்த மார்ட்டின் மார்ட்டின் தீவு வாழ்வை விரிவாக எழுதியவர். இந்நோயைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. 1727-ஐ ஒட்டிய பெரியம்மையில் தீவினருள் பெரும்பாலோர் மாண்டனர். நில உரிமையாளர் பிற தீவுகளிலிருந்து மக்களைக் கொணர்ந்து குடியமர்த்தினார். 1758-இல் வந்த கென்னத் மெக்காலேயின் பதிவில்தான் நோய் முதன்முதலாகத் தென்படுகிறது. இதனைக்கொண்டு, நோய் புதிய குடியேற்றத்துடன் வந்தது என முடிவுகட்டுதல் பொருந்தாது. பேறுகால அறைக்குள் ஆடவரான பயணி ஒருவர் நுழைந்திருக்க வாய்ப்பில்லை. மார்ட்டினின் மௌனம் நோய் இல்லாமைக்குச் சான்றாகாது.

உறுதியான எண்கள் 1865-இல் கிடைக்கின்றன. நெருங்கிய உறவுத் திருமணங்களின் விளைவை ஆராய்ந்த மருத்துவர் ஆர்தர் மிட்செல், தீவின் 14 தம்பதியரைக் கணக்கெடுத்தார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் 125. அவற்றுள் 84 பிறந்த பதினான்கு நாள்களுக்குள் இறந்திருந்தன. அதாவது 67.2 விழுக்காடு. தீவின் இரத்தத்திலேயே ஏதோ குறை உண்டு என்ற ஐயம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. ஆனால் நலமாகப் பிறந்த குழந்தையிடம் ஐந்தாம் நாள்வரை இரத்தக்குறை காத்திருப்பதில்லை. அந்நாள்களைக் கடந்த குழந்தைகளோ செங்குத்தான பாறைகளில் ஏறிப் பறவை பிடிக்கும் வலிமையுடையோராக வளர்ந்தனர்.

இக்கணக்கை ஆய்வாளர்கள் குழந்தை இறப்பின் சான்றாகவே எடுத்தாளுகின்றனர். அது தாய்மாரைப் பற்றிய சான்றும் ஆகும். ஒரு தம்பதியருக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்பது பிறப்புகள் என்பதை அது காட்டுகிறது. தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் அடுத்த கருவுறுதல் பெரும்பாலும் தள்ளிப்போகும். குழந்தை எட்டாம் நாளில் இறந்தால் அந்த இடைவெளி இல்லாது போகும். எனவே 84 இறப்புகள் இல்லையெனில் 125 பிறப்புகளும் இருந்திரா எனக் கருத இடமுண்டு. இறப்பு மிகுந்ததால் பேறு மிகுந்தது. பேறு மிகுந்ததால் தாயின் உடற்சுமை மிகுந்தது. பதிவாளர்கள் பிறப்பை ஒரு நிரலிலும் இறப்பை மற்றொரு நிரலிலும் எழுதினர். இவ்விரண்டையும் இணைக்கும் தாயின் உடல் எந்த நிரலிலும் இல்லை.

மற்றொரு தீவு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்

இதே நோய் ஐஸ்லாந்தின் தெற்கிலுள்ள வெஸ்ட்மான் தீவுகளிலும் இருந்தது. அங்கும் கடற்பறவையே முதன்மை உணவுகளுள் ஒன்று. அங்கும் பிறந்த குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வாறே இறந்தன. 1810-இல் ஐஸ்லாந்துக்கு வந்த ஹென்றி ஹாலண்ட் என்னும் ஆங்கில மருத்துவர் இதனைக் குறித்துள்ளார். 1847-இல் டேனிய மருத்துவர் ஷ்லைஸ்னர் அத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். அவர் பேறுகால இல்லம் ஒன்றை அமைத்து, தொப்புள்கொடியின் எச்சத்தில் கோபைபா என்னும் தென்னமெரிக்க மரத்தின் பிசின் தைலத்தைத் தடவச் செய்தார். குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது.

அப்போது நோய்க்கிருமி எதுவும் அறியப்படவில்லை. வியன்னாவில் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் கைகழுவச் செய்ததும் அதே 1847-இல்தான். நிக்கோலையர் இரணஜன்னிக் கிருமியை மண்ணில் கண்டது 1884-இல். கிட்டாசாட்டோ அதனைத் தனித்துப் பிரித்தது 1889-இல். காரணம் தெரிவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தீவில் தீர்வு நடைமுறையில் இருந்தது. அது ஹிர்டாவை எட்டவில்லை. இதற்குக் கடலின் தொலைவை மட்டும் காரணமாகக் கூற இயலாது. மருத்துவர்களும் பயணிகளும் ஹிர்டாவுக்கு வந்துகொண்டுதான் இருந்தனர். நோயை ‘அத்தீவின் இயல்பு’ என்று எழுதியவர்கள் அதே நோயுள்ள பிற தீவை நோக்க வேண்டிய தேவையை உணரவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

மருத்துவச்சியும் எண்ணெயும்

கேலிக் மொழியில் மருத்துவச்சியை ‘முழங்கால் பெண்’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். அவர் புல்மர் என்னும் கடற்பறவையின் எண்ணெயைக் கன்னெட் பறவையின் இரைப்பையில் சேமித்து வைத்து, அதனைக் குழந்தையின் தொப்புளில் தடவியதாலேயே நோய் பரவியது என்னும் விளக்கம் வெகுமக்கள் நூல்களில் பெருவழக்காக உள்ளது. பிற்கால ஆய்வுகள் இதனை ஐயத்துடனே நோக்குகின்றன. இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் வாழ்பவை. ஹிர்டாவின் பழைய வீடுகளில் குளிர்காலம் முழுதும் கால்நடைகளும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். சாணமும் சாம்பலும் தரையிலேயே குவிந்து, பின்னர் வயலுக்கு உரமாயின. அத்தகைய இடத்தில் கொடி அறுக்கும் கத்தியும் கட்டும் நூலும் பேறு பார்க்கும் கையும் ஆகிய எதுவும் கிருமியைக் கொண்டுசேர்க்கலாம். 1861–62-இல் 16 புதிய வீடுகள் கட்டப்பட்ட பின்னரும் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன என்பது கருதத்தக்கது. எண்ணெய்க் கதை இத்தனை விரும்பப்படுவதற்குக் காரணம், அது பழியை ஒரு முதியவளின் கையில் வைப்பதே எனலாம்.

மாற்றம் சமயகுரு ஆங்கஸ் ஃபிடெஸ் வழியாக வந்தது. 1889-இல் தீவுக்கு வந்த அவர், கிளாஸ்கோ நகருக்குச் சென்று பேறுகால மருத்துவம் கற்று, கிருமிநீக்க முறையில் தொப்புள்கொடியைப் பேணும் வழக்கத்தைத் தீவில் நிலைநிறுத்தினார். கடைசி இறப்பு 1891-இல் நிகழ்ந்தது. டர்னர் என்னும் மருத்துவர் 1895-இல் கிளாஸ்கோ மருத்துவ இதழில் இவ்வெற்றியைப் பதிவுசெய்தார். நோயை வென்றவர் ஃபிடெஸ் என எழுதுவது பிழையன்று. ஆயினும் ஒவ்வொரு பேற்றிலும் அம்முறையைக் கைக்கொண்டு, பழைய வழக்கத்தைக் கைவிட இசைந்தோர் தீவின் பெண்களே.

1930 ஆகஸ்டு 29 அன்று எஞ்சியிருந்த 36 பேரும் ஹிர்டாவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அம்முடிவை விரைவுபடுத்தியதாகக் கூறப்படுவது, அவ்வாண்டில் இளம்பெண் ஒருவர் கிளாஸ்கோ மருத்துவமனையில் இறந்த நிகழ்வு. அவர் குடல்வால் அழற்சியால் இறந்தார் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. அவர் ஒரு பெண்குழந்தையைப் பெற்று, பின்னர் நிமோனியாவால் இறந்ததையும், அக்குழந்தையும் பிழைக்கவில்லை என்பதையும் அவருடைய மகன் 1991-இல்தான் அறிந்துகொண்டார்.